மூன்றரை பாட்டில்

வால்பரைசோவில் எங்கள் வீடு
நூற்றுப் பதினாறு படிகளுக்கு மேலே.
பகலெல்லாம் இழுவைப் பெட்டியில் நான்
ஊரை ஏற்றி இறக்குகிறேன்.
பெலூசாவுக்கு அதில் ஏறப் பிடிக்காது.
பதின்மூன்று வருடமும் படிதான்.

இந்தக் கோடையில்
அறுபதாம் படியில் உட்கார ஆரம்பித்தாள்.
வயசாச்சு என்றேன்.
மூச்சு வாங்கினாள். வெயில் என்றேன்.
வயிறு தொங்கியது. பக்கத்து வீட்டு ரெமெதியோஸ்
தெரியாமல் ரொட்டி போடுகிறாள் என்றேன்.
எது கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் இருந்தது,
டிக்கெட் மாதிரி கிழித்துக் கொடுத்தேன்.

பெலூசா என்றால் எங்கள் பேச்சில் பஞ்சுத் துணுக்கு.
விலாவில் முடி கொட்டி
சாம்பல் தோல் தெரிந்தபோதும்
அக்கா நேல்டா சொன்னாள்:
"நல்லாத்தானே சாப்பிடுது,
சாப்பிடுற நாய்க்கு என்ன நோய்?"

அந்தப் பசிதான் எங்களை ஏமாற்றியது.

ஒரு ஞாயிறு
மேசைமேல் ஆறவைத்த
பாலாடைக்கட்டி எம்பனாடா நாலும் காணோம்.
மீன்கடைக்குக் கூட்டிப்போனாலும்
வாசலில் காத்து நிற்பவள்
வெறும் தட்டின் பக்கத்தில் நின்றாள்,
மீசையெல்லாம் மாவு.
எனக்குக் கோபம் வரவில்லை.
தின்றது இவள் இல்லை,
இவளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் யாரோ.

அன்றிலிருந்து தண்ணீரை அளந்தேன்.
காலி ஒயின் பாட்டிலில் நிரப்பிக் கிண்ணத்தில் ஊற்றி
சுவர் நாட்காட்டியில் கோடு போட்டேன்.
செவ்வாய் மூன்று.
புதன் மூன்றரை.
பதினாறு கிலோ நாய்க்கு அது கடல்.
குடித்ததில் பாதி
விடியுமுன் சமையலறைத் தரையில்.

டாக்டர் யாஸ்னா நாட்காட்டியைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார்.
பிறகு தோலைக் கிள்ளி, விட்டார்.
ஒரே நாளில், காலையிலிருந்து மாலைக்குள்,
மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள்.
மறுவாரம் காகிதத்தின் பின்பக்கம்
ஒரு நாய்த் தலை வரைந்து
மூளைக்கு அடியில் புள்ளி வைத்தார்.
குஷிங் என்றார்.
இந்தப் புள்ளி ஓயாமல் கத்துகிறது,
சிறுநீரகத்தருகே குந்தியிருக்கும் சுரப்பிகள்
கேட்டுக் கேட்டுச் சுரக்கின்றன.

குணமாகுமா?

"ஆகாது. அடங்கும்.
ஆயுள் கூடும் என்று வாக்குத் தர மாட்டேன்.
மருந்து விலை அதிகம், அடிக்கடி ரத்தமும் பார்க்கணும்.
இப்போ இது யாருக்குத் தொந்தரவு?
உங்களுக்கா, அவளுக்கா?
உங்களுக்கு மட்டும்தான்னா
தரை துடைக்கிற துணி போதும்."

நேல்டா ஒரு தாளை இரண்டாக மடித்தாள்.
இடப்பக்கம் செலவை எழுதினாள்.
வலப்பக்கம் என்ன எழுதுவதென்று தெரியாமல்
பேனாவை மூடினாள்.

அன்றிரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தது.
தரை நனைந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி
சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.
விளக்கைப் போட்டேன், திரும்பவில்லை.
பெயர் சொன்னேன், திரும்பவில்லை.
இந்த வீட்டில் யாரும் அவளைத் திட்டியதில்லை.

யாருக்கு என்பது
அப்போது தெரிந்தது.

இப்போது பன்னிரண்டாம் நாள்.
காலைச் சாப்பாட்டோடு, பாலாடைக்கட்டிக்குள் வைத்து,
ஒரு மாத்திரை.
விடியும்போது கிண்ணத்தில் நீர் மிச்சமிருக்கிறது.
அதைக் கொட்ட மனசு வராமல்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
முடி இன்னும் முளைக்கவில்லை.
அறுபதாம் படி எழுபதாகியிருக்கிறது,
சில நாள் ஐம்பது.

பயம் மட்டும் இடம் மாறிவிட்டது.
"சாப்பிட மறுத்தால், வாந்தி எடுத்தால், துவண்டால்
அடுத்த மாத்திரை வேண்டாம்,
உடனே கூப்பிடு" என்றிருக்கிறார்.
அவள் தின்பதைக் கண்டு கவலைப்பட்டவன்
தின்னவேண்டுமே என்று நிற்கிறேன்.

இன்று தட்டை வைத்தேன்.
கதவோரம் படுத்தபடியே பார்த்தாள்.
போனைக் கையில் எடுத்தேன்.
நேல்டா அடுப்பை அணைத்தாள்.
கீழே துறைமுகத்தில்
ஒரு கப்பல் நீளமாக ஊதி முடித்தது.
முன்னங்கால்.
நெடுநேரம் கழித்துப் பின்னங்கால்.
ஒரு சோம்பல் முறிப்பு,
ஏதோ நாங்கள்தான் அவசரக்காரர்கள் என்பதுபோல.

வருகிறாள்.