சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட்

வண்ணார்பேட்டை கண்ணாடி ஜவுளிக்கடைக்கு
ஆண்டுக்கு, சதுர மீட்டருக்கு, இருநூற்றுப் பதினாறு யூனிட்.
சமாதானபுரம் மாணவியர் விடுதிக்குப் பதினொன்று.
ஒரே தாளில் எழுதினேன்.
அலகு பொதுவானால்
எதையும் எதோடும் நிறுத்தலாம்.
எங்கள் தொழில் நிற்பது அந்த நம்பிக்கையில்.

கடைக்குள் சித்திரை வரவில்லை.
மேற்குக் கண்ணாடியில் வெயில் இறங்க இறங்க
ஏசி அதோடு மல்லுக்கு நின்றது.
பட்டப்பகலில் முந்நூறு விளக்கு.
"பட்டு நிறம் தெரியணும்லா" என்றார் மேலாளர் மீரான்.
மூன்றாம் மாடியில் சால்வை விற்கும் பெண்
ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

விடுதியில் வேலை சுருக்கம்.
மீட்டர் அட்டையில் ஆறு கணக்கெடுப்பும்
ஒரே கை, ஒரே நீல மை.
இரவு ஒன்பது மணிக்கு வெப்பமானியைப் பிடித்தேன்:
முப்பத்தாறு டிகிரி.
பதினாறு பேர் படுக்கும் அறையில் நான்கு மின்விசிறி.
ஒன்று சுற்றியது.
அதன் கீழே யார் படுப்பதென்று
சுவரில் பென்சிலால் முறை போட்டிருந்தார்கள்.
திங்கள்: பேச்சித்தாய், சந்தனமாரி.
செவ்வாய்: எஸ்தர், ரஹ்மத்.
அடித்தல் திருத்தல் கிடையாது,
என் அட்டவணையைவிடச் சுத்தம்.

"கண்டன்சர் போயிட்டு. எழுதிப் போட்டிருக்கோம்"
என்றார் காப்பாளர் ஜெபக்கனி.
எப்போது என்று நான் கேட்குமுன்னே
கடித நகலைக் காட்டினார்.
மூன்று நகல்.

கயத்தாறு தாண்டி வரும்போது பார்த்திருந்தேன்,
காற்றை மின்சாரமாக்கிக்
கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.
அதை மறுபடி காற்றாக்க
இங்கே எண்பது ரூபாய் குறைகிறது.

பட்டியலில் விடுதிதான் முதல்.
கலெக்டர் ஆபீசில் கேடயம் உண்டாம்,
பித்தளையில் ஐந்து நட்சத்திரம்.
கணக்கைத் திரும்பப் போட்டேன். சரியாகத்தான் வந்தது.
தலைக்கு எவ்வளவு என்று வகுத்தேன்.
தூங்கிய மணிக்கு எவ்வளவு என்று வகுக்கப் போனால்
தூங்கிய மணிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
குறிப்புரையில் சிக்கனம் என்று எழுதி
அடித்தேன்.

கிளம்பும்போது பேச்சித்தாய் வந்தாள்.
"இன்னைக்கு எவ்வளவுக்கா?"
சொன்னேன்.
போய் சுவரில்
திங்கள் பக்கத்தில் 36 என்று எழுதினாள்.
"நாளைக்கு எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

வெப்பமானியை அவளிடம் விட்டுவந்தேன்.
கருவி தொலைந்ததற்கு இனி
ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.
அதில் காரணத்துக்கு
அரைப்பக்கம் விட்டிருக்கிறார்கள்.