இடம் மாறிக்கொள்

ஓல்டன். மூன்றாம் வகுப்பின் உடற்பயிற்சி வேளை.
வெளியே மூடுபனி; ரயில் சத்தம் மட்டும் உள்ளே வந்தது.
கணினி கிடையாது. விதி ஒன்றுதான்:
"வலப்பக்கம் நிற்பவர் உன்னைவிடக் குட்டையில்லையா?
இடம் மாறிக்கொள்."

இருபத்தொரு பேர்
காலுறையில் வழுக்கி வழுக்கி
உயரப்படி நின்றுவிட்டார்கள்,
ஃப்ளூரினும் ஆரபியும் தவிர.
ஒரே உயரம். மயிரிழை பிசகில்லை.
மாறினார்கள். மாறினார்கள்.
நேற்று ஓர் அழிரப்பருக்காக அடித்துக்கொண்டவர்கள்
மூச்சிரைக்கச் சிரித்து
மாறினார்கள்.
மற்றவர்கள் எண்ணினார்கள்: நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு…

பிழை என்னுடையது.

மணி அடித்தது. அடுத்தது ஜெர்மன் பாடம்.
அதே விதியைப் பலகையில் எழுதிக் கேட்டேன்:
"எந்தச் சொல் தப்பு?"
ஆரபி வந்து 'குட்டையில்லையா'வை அழித்தாள்.
'உயரமா' என்று எழுதினாள்.
சரி.
பிறகு ஃப்ளூரினை ஒருமுறை பார்த்தாள்,
அதையும் அழித்துவிட்டாள்.