நாலு அடி

ஆறு மணி ஆடைத் தொழிற்சாலை பஸ்
இறக்கக்கண்டிப் பாலத்தடியில் முழுதாக நிற்பதில்லை.
கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான்.
நஸ்லியா ஒரு காலைப் படியில் வைக்க
மற்றக் கால் சரளையில் பிரண்டது,
பாதம் உள்ளே மடங்க
பஸ் போய்விட்டது.

எட்டு மணிக்கு என் மேசைக்கு முன்னால்
ஒரு கதிரையில் அவள்,
இன்னொரு கதிரையில் அவளுடைய கால்.
வெளிக்கணுவுக்குக் கீழே
அவித்த முட்டையின் பாதியளவு வீக்கம்.
அதற்குள் மதினி நோ எண்ணெய் போட்டு
நீவியும் விட்டாளாம்.
"இனி நீவ வேண்டாம்" என்கிறேன்.
மதினி சுவரில் தொங்கும் நுளம்புப் படத்தைப் பார்க்கிறாள்.

"எக்ஸ்ரேக்கு எழுதித் தாங்க டொக்டர்.
படம் இல்லாட்டி சுப்பவைசர் நம்பமாட்டார்.
றிபாயாக்குக் காய்ச்சலெண்டு துண்டு காட்டியும்
சம்பளம் வெட்டினவர்."

எக்ஸ்ரே திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில்.
போய்வர ஓட்டோவுக்கு
அவளுடைய இரண்டு நாள் தையல்.
முறியாத எலும்பைப் படம்பிடிக்கச் சொல்லி
நான் ஆளனுப்புவதில்லை.
அதற்கு விரல் இருக்கிறது.

விரல் முதலில் நோகாத காலைத் தொடும்,
அவள் பயம் எவ்வளவென்று அறிய.
பிறகு கெண்டைக்காலை இருபுறமும் நெருக்கி,
வெளியெலும்பின் பின்விளிம்பு வழியே
சாவி தேடுவதுபோல இறங்கும்.
காலைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறேன்.
நோகல்ல.
உள்கணுவிலும் நோகல்ல.
கணுவுக்கு முன்னாலுள்ள பள்ளத்தில்,
"உம்மா!"

சரி, அது நார்.
இழுபட்ட நார் ஆறிவிடும்.

"எழும்பி நாலு அடி வையுங்க."
ஒன்று.
இரண்டு.
பல்லைக் கடித்தபடி மூன்று.
நாலாவதில் ஒரு சிரிப்பு வேறு.

கெந்தினாலும் நடை நடைதான் என்கிறது விதி.
தலையெழுத்தைச் சொல்லவில்லை,
படித்த விதியைச் சொல்கிறேன்.
அதை எழுதினவர்களுக்கு
வரவுப்படியைத் தெரிந்திருக்காது.
ஒருநாள் தவறினால் மாதம் முழுக்கப் போகும் காசு
எத்தனை முறிந்த காலை நடத்தியிருக்கும்!

திரும்ப இருத்தினேன்.
தொடாத இடம் ஒன்று மிச்சம்.
சின்னவிரலிலிருந்து பின்னால் வர
பாதத்தின் வெளிக்கரையில் பாதிவழியில்
ஒரு மொளி இருக்கிறது.
கணு வீங்கி வருகிற எவரும் அதைக் காட்டுவதில்லை.
அழுத்தினேன்.

சத்தம் வரவில்லை.
கைப்பை வாரைப் பிடித்திருந்த அவள் கை மட்டும்
ஒருமுறை வெளுத்துச் சிவந்தது.

எங்களிடம் குளிர்சாதனப் பெட்டி உண்டு,
அதற்குள் தடுப்பூசிகள் குடியிருக்கின்றன.
கிருபைராசா சந்தி மீன்கடைக்கு ஓடி
ஒரு பை ஐஸ் வாங்கிவந்தான், சூரை வாசத்தோடு.
துவாயில் சுற்றிக் கால்மணி நேரம்.
பாதத்தின் மேல் நாடி ஒழுங்கு, விரல்கள் சூடு.
அட்டை வைத்துக் கட்டினோம்.
ஊன்றுகோல் ஒரு சோடி இருந்தது,
ஒன்றுக்கு அடி றப்பர் இல்லை;
பிளாஸ்ரர் சுற்றிக் கொடுத்தோம்.

கடிதத்தில் எழுதினேன்:
'கணுக்கால் அல்ல, பாதம்.
பாதத்தைப் படமெடுக்கவும்.'
பாதத்துக்குக் கீழே இரண்டு கோடு.

ஓட்டோவில் ஏறுமுன் கேட்டாள்,
"முறிஞ்சிருந்தா நம்புவாரா டொக்டர்?"
அந்தக் குரலில் இருந்தது பயமில்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.
"முறியாட்டியும் துண்டு தருவன்" என்றேன்.
றிபாயாவுக்குத் துண்டு கொடுத்ததும்
நான்தான்.

கதிரையில் ஐஸ் உருகின தண்ணீர்,
அதில் ஒரு செதில்.
துடைக்கச் சொல்லுமுன்
இருமலோடு வந்த ஒருவர்
அதன்மேல் இருந்துவிட்டார்.