பாஸ்

தடைக்காலத்தின் எட்டாம் நாள்
ரிச்சி தெருவிலிருந்து மகன் தூக்கி வந்தான்,
டிவியில் மாட்டி மீன் பிடிக்கிற விளையாட்டை.
செகண்ட் ஹேண்ட் பெட்டி. மூலையில் விரிசல்.
கூடவே பிளாஸ்டிக்கில் ஒரு கட்டைத் தூண்டில்,
சுற்றினால் கிர்ர் என்கிற கைப்பிடி.
நூல் கிடையாது.

"இன்னா மீன்டா இது?" என்றார் தேசிங்கு.
"பாஸ்."
"இன்னும் புடிக்கவே இல்ல, அதுக்குள்ள பாஸா?"
மகன் சிரித்துக்கொண்டே
டெலிவரிப் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடி, கத்திரி வெயில்,
பீரோவில் முதுகு சாய்த்து உட்கார்ந்துவிட்டார்.
டிவிக்குள் பெயர் தெரியாத ஊரின் ஏரி.
ஊசி ஊசியாய் மரங்கள், காலைப் பனி.
டீசல் நாற்றமில்லை, ஐஸ் உடைக்கிற சத்தமில்லை,
ஏலக்காரன் தொண்டையும் இல்லை.
அடிக்காத காற்றுக்கு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

இருபத்தாறு வருஷம் விசைப்படகில் போனவர்.
வலையை இழுப்பது வின்ச்.
கொட்டினால் தளம் முழுக்கக்
காரப்பொடி, சங்கரா, கிளாத்தி, நண்டு,
யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு.
எல்லாமே கிலோ.
ஒரே ஒரு மீனோடு
அவர் ஒருநாளும் மல்லுக்கு நின்றதில்லை.

இப்போது நிற்கிறார்.
கட்டை கையில் கிடுகிடுவென்று நடுங்குகிறது.
"அறுத்துக்கப் போவுது, வுட்டுக்குடு, வுட்டுக்குடு"
என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.
எனக்கு ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

மேலே வந்தது.
கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மாதிரி முகம்,
குடம் நுழைகிற வாய்.
பெட்டிக்குள்ளிருந்து ஒருத்தன் இங்கிலீஷில் எடையைக் கத்தினான்:
நாலு பவுண்டு.
எனக்குப் பவுன் என்றுதான் காதில் விழுந்தது.
போன வருஷத் தடைக்கு வைத்த ரெண்டு பவுன்
இன்னும் சேட்டுக் கடை இரும்புப் பெட்டியில் நீந்துகிறது.

எடை போட்ட மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார்.
"விக்காம எதுக்கு புடிக்கணும்?"
"வளரட்டுமே."

இதையேதான் ஆபீசர்
சித்திரை மாசம் மைக்கில் சொன்னார்.
அன்றைக்கு இவர் வாயில் வந்ததை
நான் இங்கே எழுத முடியாது.

ஒரு மத்தியானம் வலை பொத்தப் போயிருந்தார்.
கட்டையை நான் எடுத்தேன்.
பொய்ப்புழு, பொய்த்தவளை என்று வரிசையாய்க் காட்டியது.
தவளையைப் போட்டேன்.
தண்ணீருக்கடியில் ஒரு நிழல்
தவளை பின்னாலேயே வந்தது,
நின்றது,
வால் மட்டும் லேசாய் ஆட,
வேண்டாம் என்று திரும்பிப் போனது.

பத்தொன்பது வருஷமாய் மீன் அரிகிறேன்.
என்னிடம் வந்ததெல்லாம் செத்த பிறகு வந்ததுதான்.
செவுளைத் தூக்கிப் பார்த்து
எத்தனை மணிக்குச் செத்தது என்று சொல்வேன்.
மீன் யோசிக்கும் என்பதை
நாற்பத்தாறு வயதில் டிவியில் பார்த்தேன்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
எழுந்து போகவில்லை.

ஆனி பிறக்கிற நேரம், நள்ளிரவு,
படகுகள் கற்பூரம் காட்டிக் கிளம்பின.
அவரும் போனார், ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு.
ராத்திரியில் எனக்கு அந்த ஏரி.
புழல் ஏரி வற்றினாலும் அது வற்றாது.

பதினோராம் நாள் கரைக்கு வந்தார்.
ரெண்டு தரம் சோப்புப் போட்டும் போகாத வாடையோடு
பெட்டியைப் போட்டார்.
முதல் இடத்தில் அவர் பெயர் இல்லை.
ஏழு பவுண்டுக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து,
மகன் அடித்துக் கொடுத்தது. ஏகவல்லியில் அவ்வளவுதான் கொள்ளும்.

"யார்றா இது?"

அவர் பங்குக்கு வந்த சங்கராவைச்
செதில் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
"பாஸ்" என்றேன், நிமிராமலே.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
அப்புறம் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும்
கிர்ர், கிர்ர்.
குழம்பு ஆறிப்போய்
மேலே எண்ணெய் கட்டியது.