நூறில் நான்கு

ஓர் அங்குலத் தண்ணீரை நூறாக அரிந்து
அதில் நான்கு.
என் புகைபோக்கி இழுக்க வேண்டிய இழுவை அவ்வளவுதான்.
இரண்டு என்றால் கரிக்கு மூச்சு முட்டும்.
எட்டு என்றால் கொதிகலனின் சூடெல்லாம்
மஹனாய் நகரத்துக் காக்கைகளுக்கு.

நிலவறையில், துணி துவைக்கும் எந்திரத்துக்கு மேலே,
சாய்ந்த கண்ணாடிக் குழாயில் சிவப்பு எண்ணெய்.
பல் துலக்குமுன் அதைத்தான் பார்ப்பேன்.
"என் முகத்தை நீ இப்படி உத்துப் பார்த்து
முப்பது வருஷமாச்சு, ப்ரோனிஸ்"
என்பாள் ஆல்டோனா.

இந்த மலைக் கரிக்கு அவசரம் ஆகாது.
விறகைப்போல் சடசடவென்று பேசாது.
காற்று கீழிருந்து, தட்டிக் கம்பிகளின் ஊடே வரவேண்டும்;
மேலிருந்து ஊதினால்
முறைத்துக்கொண்டு கறுத்துவிடும்.
கிளறினால் அன்றைக்குப் பட்டினி.
பொறுத்தால் நீலச் சுடர்கள் எழும்,
கரியின்மேல் கால் பாவாமல்.

புகைக்குழாயின் இடுப்பில் ஒரு தகட்டு மடல்,
அதன் விளிம்பில் கொட்டைப்பாக்கு அளவு எடை.
வெளியே காற்று வெறிபிடித்து இழுக்கும் இரவில்
மடல் தானே திறந்து
நிலவறைக் காற்றில் கொஞ்சம் எடுத்து
லஞ்சம் கொடுக்கும் புகைபோக்கிக்கு.
டிக், டிக்.
அதைக் கேட்டபடி தூங்கிப் பழகியவன்.

அது தட்டாத இரவில்தான் விழித்துக்கொண்டேன்.

நவம்பரில் ஜன்னல்களை மாற்றியிருந்தோம்.
மூன்றடுக்குக் கண்ணாடி, கதவடியில் ரப்பர்.
இனி ஈ நுழைய இடமில்லை என்றார் பொருத்த வந்தவர்.
அன்றிலிருந்து வியாழன்தோறும் தீ சோர்ந்தது.
வியாழன்!
கரிக்குக் கிழமை தெரியுமா?

கரி கொண்டுவரும் ஸ்டாஷ் ஹுட்னிக்கை ஏசினேன்.
புகைபோக்கியின் அடியில் கைக்கண்ணாடி பிடித்துப் பார்த்தேன்,
வானம் ஒரு சாசர் அளவுக்குச் சுத்தமாய் இருந்தது.
சாம்பல் கதவைத் திறந்தேன், மூடினேன், நோட்டில் எழுதினேன்:
ஏழு பத்து, நான்கு.
ஏழு நாற்பது, ஒன்று.
எட்டு ஐந்து, சுழி.
பிறகு எண்ணெய் சுழிக்கும் கீழே நழுவியது.
அப்படியென்றால்
புகைபோக்கி வீட்டுக்குள் மூச்சுவிடுகிறது.

படியடியில் எச்சரிக்கைக் கருவி அலறியது.
மணமில்லாதது, நிறமில்லாதது,
சாதாரணத் தலைவலிபோல் வந்து உட்காருவது.
மேலே ஓடினேன்.
சமையலறையில் ஆல்டோனா,
தேவாலய விற்பனைக்கு இருநூறு பியரோகி,
மூன்று வாணலியில் வெங்காயம்,
தலைக்குமேல் புகைவிசிறி முழு வேகத்தில்.

வியாழன்.

"என் காற்றைத் தின்னுது அது!" என்று கத்தினேன்.
அவள் அடுப்பை அணைத்தாள், விசிறியை அணைத்தாள்,
பின்கதவை அகலத் திறந்தாள். பனி உள்ளே வந்தது.
"உன் காற்றா?" என்றாள்.
மேலங்கி இல்லாமல் தெருவில் நின்றோம்.
தீயணைப்பு வண்டி வரும்வரை
அவள் கையில் கரண்டி இருந்தது.

அடுத்த வாரம் சுவரில் ஆறங்குல ஓட்டை போட்டேன்.
காசு கொடுத்து அடைத்த வீட்டுக்குக்
காசு கொடுத்து ஓட்டை.
வெளிவாயில் எலிவலை, உள்வாய் கொதிகலனின் காலடியில்.
ஜன்னல் ரசீதும் ஓட்டை ரசீதும்
ஒரே ஊக்கில் தொங்குகின்றன.

இப்போது வியாழக்கிழமைகளில்
"விசிறி போடறேன்!" என்று மேலிருந்து குரல் வரும்.
சிவப்பு எண்ணெய் சற்று யோசிக்கும்.
"மூன்றரை!" என்பேன்.
"போதுமா?"
மடல் ஒருமுறை தட்டும்.
"இரு, பார்க்கிறேன்."