ஆறு தேக்கரண்டிகள்

யூலை இருபத்தொன்று.
பீல் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மடக்கு மேசை ஒன்றில் வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள்.
பெயருக்கு ஒரு மெழுகுதிரி.
ஏரிப் பக்கமிருந்து காற்று.
கொளுத்தக் கொளுத்த அணைகிறது.

ரூஃபெனாஹ்ட் அம்மையார் பேனாவுடன் இருக்கிறார்.
அவருடைய மகள் சிபில் மூன்றாவது திரி.
பெயர் கேட்கிறார், எழுத்தெழுத்தாய்ச் சொல்கிறேன்.
எழுதி, சத்தமாய் வாசிக்கிறார்:
சாருயன்.
பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.
ஜ என்று திருத்தித் திருத்திக் களைத்து
ஒருநாள் அந்தப் பெயருக்கே
திரும்பிப் பார்க்கத் தொடங்கினான் தம்பி.

கண்ணீர் அஞ்சலியில்
'திடீர் மாரடைப்பால்' என்று போட்டோம்.
இருபத்தாறு வயது.
மண்டபம் நிறையச் சனம்,
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதற்கென்றே
ஜெனீவாவிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள்.
எட்டுச் செலவுக்கு
அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம்,
கணவாய்க் கறி, முட்டைப் பொரியல், கோலா.
பிடித்த ஒன்றைத் தவிர.

நிலையக் கழிப்பறையில் நீல விளக்கு.
நரம்பு தெரியக்கூடாது என்று போட்டது.
அம்மாவின் கையில் இரத்தம் எடுக்க
நல்ல வெளிச்சத்திலேயே
மூன்று தரம் குத்துவார்கள் தாதிமார்.
எங்கள் தோல் அப்படி.
அவன் அந்த நீலத்திலும் கண்டுபிடித்திருக்கிறான்.
கெட்டிக்காரன் என்று
அவனைப் பற்றி எல்லோரும் சொன்னது
பொய்யில்லை.

பொலிஸ் ஒரு பிளாஸ்டிக் பை தந்தது.
திறப்புக் கோர்வை.
அரை விலை ரயில் அட்டை, இன்னும் நாலு மாதம் செல்லும்.
மூன்று பிராங் நாற்பது.
தேக்கரண்டி ஒன்று, அடி கறுத்தது.

அம்மா மற்ற ஒன்றையும் தொடவில்லை.
கரண்டியை மட்டும் எடுத்து
பிடியைப் பெருவிரலால் தடவினா.
கோதுமைக் கதிர்.
எங்கட கரண்டி.
முகாமை விட்டு முதல் வீட்டுக்கு வந்த கிழமை
மிக்ரோவில் ஆறு வாங்கினது.
ஒன்று குறையுது, ஒன்று குறையுது என்று
இரண்டு வருடமாய் என்னைத்தான் ஏசினவ.
சோத்துக் குப்பையோட கொட்டிப்போட்டாய்,
உனக்கெங்க கவனம்.
நான் வாய் திறக்கவில்லை.
எனக்குத் தெரியும்.
அவன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்த காலை
கதவடியில் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நின்றவள் நான்.
அவன் என்னைப் பார்த்தான்.
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.

அன்று இரவு அம்மா தேய்த்தா.
கம்பிச் சுருள், தேசிக்காய், அப்பச்சோடா.
படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தேன்,
நிற்கும், பிறகு தொடங்கும்.
விடிய லாச்சியைத் திறந்தால்
ஆறு.

எது அது என்று இப்போது எனக்குத் தெரியாது.
தேத்தண்ணி போடும்போது ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்ப்பேன்,
ஆறும் ஒரே மினுக்கம்.
அம்மாவுக்குத் தெரியும்.
வீட்டுக்கு ஆட்கள் வந்தால்
ஐந்துதான் தட்டில் போகும்.
மற்றதால் தன்னுடையதைக் கலக்குகிறா.
சலரோகம் வந்த பிறகு சீனி போடுவதில்லை.
ஆனாலும் கலக்குகிறா,
ஆறிப்போகும் வரைக்கும்.

"உங்கள் தம்பிக்கு என்ன நடந்தது?"
அம்மையார் கேட்கிறார், சுகம் விசாரிப்பது போல.
ஏழு வருடத்தில் முதல் தரம்
அந்தச் சொல்லைச் சொல்கிறேன், ஜெர்மனில்.
தமிழில் அதற்கு எங்களிடம்
மாரடைப்பு என்றுதான் இருக்கிறது.
அவர் தலையாட்டுகிறார்.
சிபிலும் கழிப்பறையில்தான், ஓல்டனில்.

தெருவுக்கு அந்தப் பக்கம், பஸ் தரிப்பில்
மடியில் கைப்பையுடன் அம்மா.
லீக்ஸ் வாங்க வந்ததாய்ச் சொன்னவ.
கடை மற்றப் பக்கம்.
மூன்று பஸ் போய்விட்டது.

திரி மறுபடி அணைகிறது.
யாரோ சிகரெட் லைட்டர் நீட்டுகிறார்கள்.
கையைக் குவித்துக் கொளுத்திவிட்டு நிமிர்கிறேன்,
நாலாவது பஸ் வந்து மறைக்கிறது,
கதவு திறந்து, மூடி, போகிறது.

இருக்கிறா.