அடைப்புக்குறிக்குள்

மில்வாக்கி நகரமன்றத்தில் என் வேலை
பேசியதைப் பேசியபடி தட்டச்சு செய்வது.
இருமலை எழுதக்கூடாது.
நாற்காலி நகரும் ஓசையும் கூடாது.
சிரிப்பு வந்தால் மட்டும்
அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்.
யார் சிரித்தார், எதற்கு,
விதிப்புத்தகம் கேட்பதில்லை.

அன்று போலீஸ் பட்ஜெட் விசாரணை.
ஏரிக்காற்று பனியை அள்ளி
சன்னல் சன்னலாக அறைந்துகொண்டிருந்தது.
ஆளுக்கு மூன்று நிமிடம்,
முடிந்தால் மேசைமேல் சிவப்பு விளக்கு.

நாற்பத்தோராவது ஆள் ஒடெஸா ப்ரூயிட்.
பௌலிங் கூடத்துக்கு அடியில், நிலவறை மேடையில்,
வியாழன்தோறும் ஜோக் சொல்பவள்.
அதற்கு முன் பதினோரு வருடம்
அவசர அழைப்புகளை எடுத்தவள்.
மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்,
அது கிறீச்சிட்டது.
"பாருங்கள், இதுகூட என்னைக் கண்டு பயப்படுகிறது."
(சிரிப்பு)

பிறகு அந்த அழைப்பைச் சொன்னாள்.

"ஒருத்தன் நிற்கிறான், சீக்கிரம் வாங்க!"
"என்ன செய்கிறான், அம்மா?"
"நிற்கிறான்."
"சரி, சட்டை என்ன நிறம்?"
"சட்டையை யார் கவனித்தது?"

(சிரிப்பு)
தட்டி முடித்து நிமிர்ந்தேன்.

இடது வரிசை வயிறு குலுங்கிக்கொண்டிருந்தது.
வலது வரிசையில் காவலர் சங்கத்து ரேமண்ட் வோய்சிக்,
ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி,
தொப்பியால் முகத்தை மூடிச் சிரித்தார்.
அப்படி எத்தனை அழைப்புக்கு வண்டி ஓட்டியிருப்பார்,
நிற்பவனிடம் போய்
என்ன கேட்பதென்று தெரியாமல்
எதையாவது கேட்டிருப்பார்.
பக்கத்து இளைஞன் முழங்கையால் இடித்ததும்
சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.
இருமலை எழுதக்கூடாது.

வெர்னீஸ் டாலிவர் எழுந்தது அப்போதுதான்.
முறை வரவில்லை, மைக்கும் இல்லை.

"நின்றது என் மகன்.
பேருந்துக்கு நின்றான்.
இடது தோள் இன்னும் முழுதாக உயராது.
ஒடெஸா, நீ அவனை வைத்து டிக்கெட் விற்கிறாய்,
அவர்கள் அவனை வைத்து பட்ஜெட் கேட்கிறார்கள்.
எனக்கு வித்தியாசம் சொல்லு."

ஒடெஸா மைக்கிலிருந்து முகத்தை எடுத்துவிட்டாள்.
"அது வேறு அழைப்பு, வெர்னீஸ்.
வேறு பையன்."

அது ஆறுதலா, இன்னும் மோசமா,
அறைக்குத் தெரியவில்லை.

தெரியாதபோது கத்துவதுதானே வழக்கம்.
ஜோக் இல்லையென்றால் உங்களை யார் கேட்பார்கள் என்றது ஒரு குரல்.
திருடன் வந்தால் ஜோக்கையா கூப்பிடுவீர்கள் என்றது இன்னொன்று.
தலைவர் சுத்தியலைத் தட்டினார், தட்டினார்.
வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகுமாம்.
அங்கே நோய் நாற்காலியை இழுத்துப்போட்டு
இன்னும் வசதியாக உட்கார்ந்தது.
அந்த ஓசையும் கூடாது.

சிவப்பு விளக்கு எரிந்தது.
ஒடெஸா அதையே பார்த்தாள்.
"மேடையில் இது எரிந்தால் இறங்கு என்று அர்த்தம்.
என் காருக்குப் பின்னால் எரிந்தால்
இறங்காதே, கையை அசைக்காதே என்று அர்த்தம்.
இங்கே என்ன?"

யாரும் சிரிக்கவில்லை.
ஜோக்தானா அது?
என் விரல்கள் ஷிஃப்ட் விசையின் மேல்
கொஞ்ச நேரம் கிடந்தன.

வாக்கெடுப்பு மார்ச்சுக்குத் தள்ளிப்போனது.

நகல் எடுத்து முடித்து இறங்கும்போது மணி பத்தரை.
பேருந்து நாற்பது நிமிடம் தாமதம்.
நிழற்குடையில் நான் மட்டும்
நின்றேன்.
ரோந்து வண்டி ஒன்று வேகம் குறைத்தது,
கண்ணாடி இறங்கியது.
"ரொம்பக் குளிருதே மேடம்,
வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா?"

ஏறவில்லை என்று சொல்ல ஆசைதான்.
குளிர் அப்படி.

பின்னிருக்கையில் கதவுக்கு உள்கைப்பிடி கிடையாது,
அன்றுதான் தெரிந்தது.
வாசலில் அவனே இறங்கி வந்து திறந்துவிட்டான்.
நன்றி சொன்னேன்.

கோட்டைக் கழற்றிய பிறகுதான் பார்த்தேன்,
நான் போட்டிருந்த சட்டை
என்ன நிறமென்று.